எட்டு அடையாளங்கள்

எங்கள் குடும்பத்தில் போதைக்கு அடிமையான ஒருவர் இருக்கிறார் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டேன்.

கண்டிக்குப் பக்கத்தில், கலஹாவுக்கு மேலே, தேயிலை மலையை ஒட்டினாற்போல எங்கள் வீடு. அம்மா பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக் காம்பராவில், நான் பிறந்தது இந்த வீட்டில். நடுவில் நடந்த அத்தனையும் பெரியம்மாவின் வேலை. பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர். எங்கள் மலையில் படித்து ஆசிரியரான முதல் பெண் அவர்தான். தாயும் தகப்பனும் போன பிறகு அம்மாவையும், அம்மாவுக்கு இளைய மாமாவையும் அவரே வளர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அப்பா கட்டாரில் வேலை செய்ததால், வீட்டில் நாங்கள் நாலு பேர்தான்: பெரியம்மா, அம்மா, மாமா, நான்.

மாமாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். கண்டி டவுனில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை. தோள்வரை முடி வளர்த்திருந்தார். காதில் எப்போதும் இயர்போன். நான் கண்டியில் படித்தேன். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். என்னைப் பாடசாலை வாசலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, பாடசாலை மண்டபத்துக்கு ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். போதைப்பொருள் தடுப்பு நிகழ்ச்சி. கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாமான், கீழே மூன்று மொழியிலும் பெயர். கஞ்சா, ஹெரோயின், ஐஸ். எல்லாம் நிஜம் போலச் செய்தவைதான் என்று அவர் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. வரிசையில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். ஐஸ் என்பது கற்கண்டை நொறுக்கினாற்போல இருந்தது. பெட்டியில் சாராயப் போத்தலோ சிகரெட்டோ மாத்திரையோ இல்லை. அது ஒரு குறை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு, போதைப்பொருள் பாவிக்கிற ஒருவரை எப்படி அறிந்துகொள்வது என்று சார்ஜன்ட் எட்டு அடையாளங்களைச் சொல்லி எழுத வைத்தார். அவருடைய தமிழ் சிங்கள வாடையோடு இருந்தாலும் அழுத்தம் திருத்தமாக இருந்தது.

"பிள்ளைகள், கண்ணத் தொறந்து பாக்கணும். ரோட்டுல மட்டும் இல்ல, வீட்டுலயும் பாக்கணும்."

போகும்போது ஆளுக்கொரு பட்ஜைச் சட்டையில் குத்திவிட்டார். நீல நிறம், நடுவில் ஒரு கண். அதைக் குத்திய நிமிஷத்திலிருந்து நான் மாணவியாக இல்லை, அதிகாரியாகிவிட்டேன்.

அன்று மாலையே வீட்டில் விசாரணையைத் தொடங்கினேன். மாமாவுக்கு எட்டில் ஆறு பொருந்தியது. கண் சிவந்திருந்தது. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குள் பார்த்துப் போன் திருத்துகிறவருக்குக் கண் வேறு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். போனில் தணிந்த குரலில் பேசினார். நான் கிட்டே போனால் பேச்சை நிறுத்தினார். பின்னாளில் என் மாமியாக வந்தவரோடுதான் அந்தத் தணிந்த குரல் பேசிக்கொண்டிருந்தது என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பெரியம்மாவையும் ஒழுங்குக்காக ஒருதரம் பட்டியலோடு ஒப்பிட்டிருக்கலாம். நான் செய்யவில்லை. யாருமே செய்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் போதை என்ற சொல்லையே பெரியம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். அவர்களுடைய அப்பா கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்துச் செத்தவர். சாராயம் வைக்கிற கல்யாண வீடு என்றால் பெரியம்மா தாலி கட்டியதும் எழுந்து வந்துவிடுவார். வெற்றிலைக்குப் புகையிலை வைக்கிற கிழவிகளைக்கூட விடமாட்டார். வீதியில் அவரைக் கண்டால் பீடியைப் பின்னால் மறைக்கிற ஆம்பளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

மாத்திரை வேறு விஷயம். மாத்திரை மருந்து.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மழை நாளில், பாடசாலைப் படியில் வழுக்கி விழுந்து பெரியம்மாவுக்கு முதுகில் அடிபட்டது. ஒரு டொக்டர் பார்த்து, வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்துக்கு. மூன்று வாரத்தில் வலி குறைந்தது. மாத்திரை குறையவில்லை. அதை வாங்கி வருகிறவள் நான்தான். கண்டியில் படிக்கிறவள் அல்லவா. டொக்டர் எழுதிய துண்டை என் கணிதப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பாடசாலை விட்டதும் பாமசிக்குப் போவேன். ஒரே பாமசிக்கு இல்லை, மூன்று. இந்த வாரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், அடுத்த தடவை மார்க்கெட்டுக்குப் பின்னால், அதற்கடுத்து மேட்டுத் தெருவில். பெரியம்மா முறை வைத்துச் சொல்லி அனுப்புவார். ஒரு கடைக்காரர் துண்டின் திகதியைப் பார்த்து முகம் சுளித்தார். மற்றவர் பார்க்கவே இல்லை. "அம்மாவுக்கு இன்னமும் வலியா?" என்று கேட்டபடியே எடுத்துக் கொடுத்தார். மாத்திரைகளின் பெயர்கள் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம் பாப்பா. அவ சும்மா பயந்துக்குவா" என்பார் பெரியம்மா. நான் சொல்லவில்லை. எங்கள் மலையில் என் வயதுப் பிள்ளைகளில் கண்டி டவுனில் தனியாக மூன்று பாமசிக்குப் போகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலையில் பெரியம்மா முன் அறைக் கதிரையில் உட்கார்ந்து கொப்பிகள் திருத்துவார். அப்படியே தூங்கிப்போவார். கையிலிருந்த சிவப்புப் பேனை பிள்ளைகளின் எழுத்துக்கு மேலே கோடு போட்டபடி பக்கத்தின் ஓரம்வரை போய்விடும். நான் மெதுவாகப் பேனையை உருவி மூடிவைப்பேன். சாப்பாட்டைத் தட்டிலேயே விட்டுவிடுவார். கையைச் சொறிந்துகொண்டே இருப்பார். பட்டியலில் 'பகலில் தூங்கி விழுதல்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதிய கையாலேயே அந்தப் பேனையை மூடினேன். பாவம், களைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா பீலிக்குக் குளிக்கப் போயிருந்தார். அவருடைய முதுகுப்பையைத் திறந்தேன். அடியில், ஒரு பழைய ரொபி மிட்டாய்த் தகரத்துக்குள், சின்னப் பொலித்தீன் பைகள். ஒவ்வொன்றிலும் பளிச்சென்று கண்ணாடி போன்ற மணிகள். சார்ஜன்டின் பெட்டியில் மூன்றாவது அறை. ஐஸ்.

பொலிசுக்குப் போவதா, பெரியம்மாவிடம் போவதா என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். எனக்குத் தெரிந்த பெரிய அதிகாரம் பெரியம்மாதான். தகரத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

மாமா தலை துவட்டிக்கொண்டே உள்ளே வந்தபோது விசாரணை தயாராக இருந்தது. பெரியம்மா கதிரையில். தகரம் மேசையில். அம்மா குசினி வாசலில். நான் பட்ஜைக் குத்திக்கொண்டு பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்னடா இது?" என்று கேட்டார் பெரியம்மா.

மாமா சிரித்தார். பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அவர் பதில் சொல்லும் முன்பே பெரியம்மா பேசத் தொடங்கிவிட்டார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"அப்பா எப்படி செத்தாருன்னு ஒனக்கு ஞாபகம் இல்ல. நீ கைப்புள்ள. ரத்தமா கக்கி, அந்தக் காம்பரா செவுரு பூரா ரத்தம். நான்தான் கழுவுனேன். அன்னைக்கு நெனச்சேன், இந்தக் குடும்பத்துல இனி ஒருத்தரையும் இதுக்கு குடுக்க மாட்டேன்னு. ஒன்னையும் குடுக்க மாட்டேன்டா."

அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. இன்று நினைத்தாலும் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மாமா உள்ளே போய், ஒரு புதுப் போன் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்துத் தன் உள்ளங்கையில் கொட்டினார். அதே கண்ணாடி மணிகள்.

"ஈரம் உறிஞ்சுற மருந்துக்கா. புதுப் போனோட வரும். தண்ணியில விழுந்த போனுங்கள இதுல போட்டுத்தான் காய வைப்போம். நான் சேத்து வைக்கிறேன். கடையில போய்க் கேளுங்க."

நான் பட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டேன். மாமா மணிகளைத் திரும்பவும் பைக்குள் போட்டார். ஒன்றிரண்டு தரையில் விழுந்து உருண்டன. குனிந்து பொறுக்கியபடியே சொன்னார்: "என் பையத் தேடினீங்க, சரி. இந்த வீட்டுல வேற யாரோட பையயும் தேட மாட்டீங்களாக்கா?"

"டேய்" என்றார் அம்மா. "போய்ச் சாப்புடு."

மாமா சாப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று எனக்குக் கோபமாக வந்தது. குற்றவாளி இல்லை என்றாலும் மரியாதை வேண்டாமா? பெரியம்மா என் தலையைத் தடவினார்.

"நீ செஞ்சது தப்பில்ல பாப்பா. தெரிஞ்சத மறைக்கிறதுதான் தப்பு."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலைவரை வெளியே வரவில்லை.

அதன் பிறகு மாமா என்னோடு ஒரே பஸ்ஸில்தான் வந்தார், ஆனால் வேறு ஆசனத்தில் உட்கார்ந்தார். பெரியம்மாவுக்கு முதுகுவலி மோசமானது. தூக்கமும் வருவதில்லை என்றார். அடுத்த தடவை என்னிடம் இரண்டு துண்டுகள் தந்தார். வழக்கமான வலி மாத்திரைக்கு ஒன்று. மற்றது தூக்கத்துக்கு, எங்கோ ஒரு தனியார் டொக்டரிடம் வாங்கியது. இரண்டையும் வெவ்வேறு கடையில் வாங்கச் சொன்னார். வாங்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போயா, பௌர்ணமி நாள். பாடசாலையும் கடையும் விடுமுறை. மத்தியானம் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். மாமா வாசலில் ஒரு பழைய றேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். பெரியம்மாவைச் சாப்பிடக் கூப்பிட நான் முன் அறைக்குப் போனேன். வழக்கம்போலக் கதிரையில் தூங்கியிருந்தார். பேனை கையில் இருந்தது. அதை உருவினேன். கை சில்லென்று இருந்தது.

குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்பதுக்கு வந்தபோது ஒரு மூச்சு வந்தது. உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் சாப்பிட்ட மாதிரி நிறம்.

"மாமா!" என்று கத்தினேன்.

அந்த ஒரு சத்தத்திலேயே மாமாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. றேடியோ துண்டுகளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். பெரியம்மாவின் கன்னத்தில் தட்டினார், கூப்பிட்டார், தட்டினார். பிறகு முதுகில் தூக்கிக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து வீதிக்கு இறங்க நாற்பத்தேழு படி. பாசி பிடித்த படி. பெரியம்மா மெலிந்தவர் இல்லை. மாமா ஓட்டமாக இறங்கினார். பின்னால் அம்மா, அரிசிக் கஞ்சி கொட்டிய சேலையோடு. நான் பெரியம்மாவின் கழன்ற செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு த்ரீவீலில் ஏறினோம். வழி நெடுக மாமா "அக்கா, மூச்சு விடுங்க. அக்கா, மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லும்போதெல்லாம் பெரியம்மா விட்டார். சொல்லாதபோது விடவில்லை. அதனால் அவர் நிறுத்தவே இல்லை. கிட்டே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் வைத்து, உடனே அம்புலன்சில் பேராதனைக்கு அனுப்பினார்கள். நாங்கள் த்ரீவீலிலேயே பின்னால் போனோம்.

பேராதனையில் எங்களை ஒரு திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரு இளம் பெண் டொக்டர் பெரியம்மாவின் இமையைத் தூக்கி ரோர்ச் அடித்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"கண்மணி ஊசிமுனை மாதிரிக் கிடக்கு. என்ன குளிசை குடிச்சவா?"

"பிரஷருக்கு மட்டுந்தாங்க" என்றார் அம்மா.

"வேற ஒண்டும் இல்லையோ?"

மாமா தரையைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை முறுக்கினார்.

"எங்கக்கா டீச்சருங்க, டொக்டர்" என்றார் அம்மா. அதுவே பதில் என்பது போல.

"அம்மா, நான் அவாட உத்தியோகத்தைக் கேக்கேல்ல. மூச்சு நிண்டு நிண்டு வருது. பொலிசுக்குச் சொல்ல இல்ல, ஆளைக் காப்பாத்தத்தான் கேக்கிறன்."

அப்போதும் இருவரும் பேசவில்லை. அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அம்மா, பெரியம்மாவின் அலுமாரிக்குப் பின்னால் காலி மாத்திரை அட்டைகளைக் கண்டிருக்கிறார். மாமா விட்டமின் தகரத்துக்குள் வேறு மாத்திரை இருந்ததைக் கண்டிருக்கிறார். ஆளுக்கொரு பக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். இப்போதும் பெரியம்மாவின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார்கள்.

தெரிந்ததை மறைப்பது தப்பு என்று பெரியம்மாவே சொல்லியிருந்தார். நான் சொன்னேன். இரண்டு மாத்திரைகளின் பெயரையும், எத்தனை மில்லிகிராம் என்பதையும், நிறத்தையும், மூன்று பாமசிகளும் எங்கே என்பதையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குவேன் என்பதையும் சொன்னேன். கணிதப் பெட்டிக்குள் துண்டு வைப்பதைக்கூடச் சொன்னேன். வகுப்பில் ஒப்புவிப்பது போல நிமிர்ந்து நின்று சொன்னேன். பாதியில் அம்மாவின் கை என் வாயை மூட வந்தது. வாய்வரை வந்து, என் தோளில் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

டொக்டர் என்னை ஒரு நொடி பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். திரைக்குள் போய்விட்டார்.

ஒரு ஊசி ஏற்றினார்கள். திரை ஓரத்தால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிஷத்துக்குள் பெரியம்மாவின் மார்பு பெரிதாக ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தார். வியர்த்து, நடுங்கி, கோபத்தோடு திறந்தார். மேலே பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், திரை ஓரத்தில் என்னைப் பார்த்தார்.

"பாப்பாவ ஏன் இங்கெல்லாம் கூட்டியாந்தீங்க?" என்றார். அதுதான் முதல் பேச்சு.

அம்மா அங்கேயே நிலத்தில் குந்தி அழுதார். மாமா வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருடைய காற்பெருவிரலில் நகம் பிய்ந்து இரத்தம் கட்டியிருந்தது. எந்தப் படியில் இடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. நான் கிட்டே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, எப்படி என்று தெரியவில்லை.

"என்ன இன்ஸ்பெக்டர்," என்றார் மாமா, "இன்னைக்குச் சரியான ஆளப் புடிச்சிட்டீங்க." சொல்லிவிட்டு என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். இன்றுவரை அவர் என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.

பெரியம்மா ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்துதான் மூச்சை அமுக்கியது என்று அந்த டொக்டர் அம்மாவிடமும் மாமாவிடமும் விளக்கினார். பெரியம்மா சண்டை பிடித்தாராம். "நான் என்ன கள்ளச் சாமானா வாங்குனேன்? டொக்டர் எழுதித் தந்தததான் கடையில வாங்குனேன்" என்றாராம்.

"ரீச்சர், எங்க வாங்கினது எண்டு உடம்புக்குத் தெரியாது" என்று டொக்டர் சொன்னதாக மாமா பிறகு சொன்னார். திடீரென்று நிறுத்தவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், மாத்திரை பெரியம்மாவின் கையில் இருக்கக் கூடாது, வேறொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கிளினிக்குக்கு வாராவாரம் வரச் சொன்னார்கள். முதுகுக்குப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாட்கள் கடுமையானவை. பெரியம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கால் இருப்புக்கொள்ளாமல் முன் அறையில் நடந்துகொண்டே இருந்தார். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். என் மேல் எரிந்து விழுந்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ சொல்லலேன்னா பேசாம இருக்கறதுக்கு ஆளே இருந்திருக்காது" என்றார் அம்மா.

பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று அம்மா முன்பே தீர்மானித்திருந்தார். பிரஷர். ஒருநாள் பாடசாலை அதிபரும் அவர் மனைவியும் பிஸ்கட் பெட்டியோடு வந்தார்கள். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"பிரஷராமே டீச்சர்" என்றார் அதிபரின் மனைவி.

"இல்லீங்க" என்றார் பெரியம்மா. "மாத்திரை. வலிக்கு எடுத்தேன், பிறகு விட முடியல. இப்ப விட்டுக்கிட்டு இருக்கேன்."

அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டார். அதிபர் தொண்டையைச் செருமினார். அவர் மனைவி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அன்று அவர்கள் போக வெகு நேரமானது. அவர்கள் போன பிறகு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, என் இங்கிலீஷ் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பிழைகூட விடாமல் திருத்தினார். சிவப்புக் கோடு ஓடவில்லை.

மாத்திரைகள் அம்மாவின் அலுமாரியில், பூட்டுக்குள் இருந்தன. சாவி அம்மாவின் சங்கிலியில். மாலை ஆறு மணிக்குப் பெரியம்மா குசினிக்கு வருவார். யாரும் கூப்பிடத் தேவையில்லை. அம்மா ஒரு மாத்திரையை அவர் கையில் வைப்பார், பிறகு பாதி, பிறகு கால். பெரியம்மா தண்ணீரோடு விழுங்குவார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவார். நாக்கைத் தூக்கிக் காட்டுவார். ஒளித்து வைக்கவில்லை என்பதற்கு. அப்படிச் செய்யச் சொன்னது கிளினிக்கா, பெரியம்மாவேதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அம்மா சரியாகப் பார்க்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு "சரிக்கா, சரிக்கா" என்பார். "ஒழுங்காப் பாரு" என்பார் பெரியம்மா.

ஒருநாள் அம்மாவுக்குக் கலஹாவில் ஒரு கூட்டம் இருந்தது. சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நான் அலுமாரியைத் திறந்து, கால் மாத்திரையை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குசினிக்குப் போனேன். பெரியம்மா ஏற்கெனவே அங்கே நின்றார். விழுங்கினார். நான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றேன்.

"வாயத் தொறங்க" என்றேன். திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க." தூக்கினார்.

"அந்தப் பக்கம்." அந்தப் பக்கமும் காட்டினார்.

நான் சிரித்துவிட்டேன். பெரிய டீச்சர், அரைவாசி மலைக்கு எழுத்துப் பழக்கியவர், பல் முளைத்ததைக் காட்டுகிற பிள்ளை மாதிரி என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அவரும் சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. வாயை அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் வரத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

"பாஸா?" என்று கேட்டார்.

"பாஸ்" என்றேன்.

அதன் பிறகு அம்மா வீட்டில் இருக்கிற நாட்களிலும் பெரியம்மா என்னிடமே வந்தார். கடைசிக் கால் மாத்திரை முடிகிறவரை, ஒருநாள் தவறாமல், ஆறு மணிக்கு வந்து, நான் கேட்கும் முன்பே வாயைத் திறந்தார். அந்த விளையாட்டு அவருக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.